துக்க வீட்டில் பில் நீட்டாதீர்கள்

குழந்தையைப் பறிகொடுத்த குடும்பத்தின் ஈமச் செலவை பிரிட்டன் அரசு தன் கணக்கில் எடுத்துக்கொண்டுவிட்டது. அதற்குப் பின்னால் ஒரு தாயின் பிடிவாதம் இருக்கிறது. இந்தியாவிலும் உதவித் திட்டங்கள் இல்லாமல் இல்லை. ஆனால் இங்கே செலவு சுடுகாட்டில் இல்லை, ஆஸ்பத்திரி வாசலில் காத்திருக்கிறது.

மார்ட்டினுக்கு எட்டு வயது. 1989இல் பிரிட்டனின் வேல்ஸ் பகுதியில் உள்ள ஸ்வான்ஸி நகரில் கார் மோதி இறந்துபோனான். அவனுடைய தாய் கரோலின் ஹாரிஸ் பள்ளிக்கூடத்தில் மதிய உணவு பரிமாறுபவராகவும் மது விடுதிப் பணிப்பெண்ணாகவும் வேலை பார்த்தவர். சேமிப்பு என்று எதுவும் கிடையாது. மகனை அடக்கம் செய்ய வங்கியில் கடன் வாங்க வேண்டியிருந்தது. அக்கம்பக்கத்தினர் வசூல் செய்து கொடுத்தார்கள்.

எட்டு வயது மகனுக்காகத் துணிமணிக்கோ பிறந்த நாளுக்கோ பணம் எடுத்து வைக்கலாம். அவனுடைய சவப்பெட்டிக்கு எந்தத் தாய் பணம் சேர்த்து வைப்பாள்?

இது நடந்து 26 ஆண்டுகளுக்குப் பிறகு, 2015இல், அதே கரோலின் ஹாரிஸ் ஸ்வான்ஸி கிழக்குத் தொகுதியிலிருந்து தொழிற்கட்சி எம்.பி.யாக நாடாளுமன்றத்துக்குப் போனார். மறு ஆண்டு நவம்பரில் சபையில் எழுந்து மார்ட்டினைப் பற்றிப் பேசினார். தழுதழுத்த குரலில் அவர் முன்வைத்த கோரிக்கை மிகவும் எளிமையானது: குழந்தை இறந்தால் புதைகுழிக்கும் தகனத்துக்கும் பெற்றோரிடம் கட்டணம் வாங்கக் கூடாது. ஏழை, பணக்காரர் என்ற பேதம் இதில் வேண்டாம். இதற்கு ஆண்டுக்கு ஏறக்குறைய ஒரு கோடி பவுண்டு ஆகும் என்று அப்போது கணக்குச் சொல்லப்பட்டது. பிரிட்டன் அரசின் பட்ஜெட்டில் இது கண்ணுக்கே தெரியாத தொகை.

இதில் விசித்திரமான விஷயம் ஒன்று உண்டு. லாபத்துக்காக நடக்கும் தனியார் இறுதிச் சடங்கு நிறுவனங்களில் பல, குழந்தைகளின் விஷயத்தில் தங்கள் சேவைக் கட்டணத்தை ஏற்கெனவே விட்டுக்கொடுத்து வந்தன. இங்கிலாந்துத் திருச்சபையும் குழந்தைகளின் அடக்க ஆராதனைக்குக் கட்டணம் வாங்குவதில்லை. பில் அனுப்பிக்கொண்டிருந்தவை உள்ளாட்சி கவுன்சில்கள். பிரிட்டனில் பெரும்பாலான பொதுக் கல்லறைகளும் பல தகன நிலையங்களும் அவற்றின் பொறுப்பில்தான் இருக்கின்றன. அதிலும் ஒரே சீரான விதி இல்லை. ஒரு கவுன்சில் ஒரு பென்னிகூட வாங்காது. சாலையைத் தாண்டினால் அடுத்த கவுன்சில் நூற்றுக்கணக்கான பவுண்டு கேட்கும். சில இடங்களில் குழந்தை என்பதற்கான வயது வரம்பு 16இல் முடிந்துவிடும். 17 வயதுப் பையன் இறந்தால் பெரியவர்களுக்கான கட்டணம். வியாபாரி விட்டுக்கொடுத்த இடத்தில் அரசாங்கம் வசூலித்தது.

ஆறு பவுண்டு உயிர்

குழந்தைச் சாவும் பணமும் பிரிட்டனில் உரசிக்கொள்வது புதிதல்ல. 19ஆம் நூற்றாண்டின் தொழில் நகரங்களில் பச்சிளம் குழந்தைகள் கொத்துக் கொத்தாக இறந்தார்கள். சொந்தமாக அடக்கம் செய்ய வழியில்லாவிட்டால் ‘பிச்சைக்காரர் அடக்கம்’தான். சபைச் செலவில், அடையாளமில்லாத பொதுக்குழியில், பலரோடு சேர்த்து. பிரிட்டிஷ் ஏழைகளுக்கு இதைவிடப் பெரிய அவமானம் வேறில்லை. அதிலிருந்து தப்பிக்க வாரம் ஒரு பென்னி, இரண்டு பென்னி என்று ‘அடக்கச் சங்கங்களில்’ கட்டினார்கள். நம் ஊர் சாவு ஃபண்டு, சீட்டு மாதிரி. சாப்பாட்டைக் குறைத்துக்கொண்டு கூட அந்தத் தவணையைக் கட்டியவர்கள் உண்டு.

பிறகு ஒரு பீதி கிளம்பியது. காப்பீட்டுப் பணத்துக்காகப் பெற்றோரே குழந்தைகளைக் கவனிக்காமல் சாக விடுகிறார்கள் என்று கனவான்கள் சந்தேகப்பட்டார்கள். விளைவு, 1875ஆம் ஆண்டுச் சட்டம்: ஐந்து வயதுக்கு உட்பட்ட குழந்தையின் உயிருக்கு 6 பவுண்டுக்கு மேலும், பத்து வயதுக்கு உட்பட்ட குழந்தைக்கு 10 பவுண்டுக்கு மேலும் காப்பீட்டுப் பணம் கிடைக்கக் கூடாது. ஏழைத் தாயின் துக்கத்தை நம்பக்கூடாது என்பதைச் சட்டமே எழுதி வைத்துவிட்டது. உதவி கேட்டு வருபவர்களை முதலில் சந்தேகக் கண்ணோடு பார்க்கும் புத்தி அரசு அலுவலகங்களுக்கு எங்கிருந்து வந்தது என்று தேடுபவர்கள் இங்கிருந்து தொடங்கலாம்.

1942இல் வெளிவந்த புகழ்பெற்ற பெவரிட்ஜ் அறிக்கை இந்த வாரத் தவணைக் காப்பீட்டை உற்றுப் பார்த்தது. வீடு வீடாக வந்து காசு வசூலிக்கும் ஏஜெண்டுகளுக்கே பெரும் பகுதி போகிறது என்று கண்டது. ஈமச் செலவு எல்லாக் குடும்பத்துக்கும் வரும், அதை அரசே ஏற்க வேண்டும் என்று பரிந்துரைத்தது. 1949இல் ‘மரண மானியம்’ அமலுக்கு வந்தது. பெரியவர்கள் இறந்தால் 20 பவுண்டு, குழந்தைகளுக்கு அதைவிடக் குறைவு. மானியத்தை 1967இல் 30 பவுண்டாக உயர்த்தினார்கள். அதன் பிறகு அப்படியே மறந்துவிட்டார்கள். 20 வருடங்களில் விலைவாசி எங்கேயோ போய்விட்டது. மானியம் மட்டும் நகரவில்லை. கடைசியில் பூ வாங்கக்கூடப் போதாத நிலையில் 1987இல் அதை ரத்து செய்தார்கள்.

அதற்குப் பதிலாக வந்தது ஏழைகளுக்கு மட்டுமான உதவி. குறிப்பிட்ட அரசு உதவித்தொகைகளில் ஏதாவது ஒன்றைப் பெறுபவர்களுக்குத்தான் அது கிடைக்கும். சம்பளத்தில் காலம் தள்ளும் குடும்பத்துக்கு, சம்பளம் எவ்வளவு சொற்பமாக இருந்தாலும், கிடைக்காது. குழி, தகனம் தவிர்த்த மற்ற செலவுகளுக்கான உச்சவரம்பு 2003 முதல் 700 பவுண்டிலேயே நின்றது. 2020இல்தான் அது 1,000 ஆனது. இதையெல்லாம்விடக் கொடுமை, அதற்கான விண்ணப்பப் படிவம். இறந்த குழந்தையின் பெற்றோர் தங்கள் வருமானத்தையும் குடும்ப உறவுகளையும் வரிசையாக எழுத வேண்டும். செலவுக் கணக்கை இணைக்க வேண்டும். பணம் வருமா வராதா என்பது தெரிவதற்கு முன்பே அடக்கத்துக்கு ஒப்புக்கொண்டு கையெழுத்துப் போட வேண்டும்.

ஆக, 2016இல் ஹாரிஸின் கோரிக்கைக்கு அரசுத் தரப்பின் முதல் பதில் எதிர்பார்த்ததுதான்: ஏழைகளுக்குத்தான் ஏற்கெனவே உதவி இருக்கிறதே.

பதினாறு மாதக் காத்திருப்பு

முதலில் அசைந்தது அவருடைய சொந்த மண். 2017 நவம்பரில் வேல்ஸ் அரசு, உள்ளாட்சிகளோடு ஒப்பந்தம் செய்துகொண்டு குழந்தைகளின் அடக்கக் கட்டணத்தை ரத்து செய்தது. 2018இல் ஸ்காட்லாந்தும் அதே வழியில் சென்றது. அதே ஆண்டு ஈஸ்டர் சமயத்தில் பிரதமர் தெரசா மே இங்கிலாந்துக்கும் ‘குழந்தைகள் ஈமச் செலவு நிதி’ ஏற்படுத்தப்படும் என்று அறிவித்தார். ஹாரிஸ் எதிர்க்கட்சி எம்.பி. அவருடைய பெயரைச் சொல்லியே பிரதமர் பாராட்டினார்.

பாராட்டோடு விஷயம் முடிந்துவிடும் போலிருந்தது. மாதங்கள் ஓடின. நிதியை எந்த இலாகா நடத்துவது, யார் யாருக்குப் பணம் கொடுப்பது என்று கோப்புகள் நகர்ந்துகொண்டிருந்தன. ஹாரிஸ் திரும்பத் திரும்ப நினைவுபடுத்த வேண்டியிருந்தது. கடைசியாக 2019 ஜூலை 23 அன்று திட்டம் தொடங்கியது. மறுநாள் தெரசா மே பதவியிலிருந்து விலகினார். பிரெக்ஸிட் புயலில் சிக்கித் தத்தளித்த ஒரு பிரதமரின் கடைசி முழு நாளில் ஓசையில்லாமல் நிறைவேறிய வாக்குறுதி இது. ஆனால் அறிவிப்புக்கும் தொடக்கத்துக்கும் இடைப்பட்ட 16 மாதங்களில் பிள்ளையைப் புதைத்தவர்களுக்கு ஒன்றும் கிடைக்கவில்லை. திட்டத்துக்கு முன்தேதி கிடையாது.

திட்டம் தாமதமாக வந்தாலும் அதை வடிவமைத்தவர்கள் யோசித்துச் செய்திருக்கிறார்கள் என்றே சொல்ல வேண்டும். 18 வயது நிரம்பாதவர்கள், 24 வாரக் கர்ப்பத்துக்குப் பிறகு இறந்தே பிறந்த குழந்தைகள் எல்லோரும் இதில் அடங்குவார்கள். பெற்றோரின் வருமானம் கேட்கப்படுவதில்லை. அவர்கள் எந்த நாட்டவர், எங்கே வசிப்பவர் என்பதும் கேள்வி இல்லை. அடக்கமோ தகனமோ இங்கிலாந்தில் நடந்தால் போதும். சவப்பெட்டிக்கோ, முஸ்லிம்களும் யூதர்களும் பயன்படுத்தும் கபன் துணிக்கோ 300 பவுண்டு வரை தனியாக உண்டு.

எல்லாவற்றிலும் முக்கியமானது பணம் போகும் பாதை. கல்லறை நிர்வாகமும் தகன நிலையமும் கட்டணத்தைப் பெற்றோரிடம் கேட்பதில்லை. நேரே நீதித் துறை அமைச்சகத்துக்கு எழுதி வாங்கிக்கொள்கின்றன. இறுதிச் சடங்கு நிறுவனமும் அப்படியே. சவப்பெட்டி போன்றவற்றைத் தாங்களே வாங்கிய பெற்றோர் மட்டும் பின்னர் விண்ணப்பித்துத் திரும்பப் பெறலாம். அதற்கு ஆறு மாத அவகாசம் இருக்கிறது. மற்றபடி துக்க வீட்டுக்கு ஒரு காகிதமும் வராது. விண்ணப்பிக்காதவர்களுக்கும் கிடைக்கிற உதவி என்பது அரசாங்கங்களின் அகராதியில் அபூர்வமான சமாசாரம்.

பணக்காரர்களுக்கு எதற்கு என்ற கேள்வி எழாமல் இல்லை. கோடீஸ்வரன் வீட்டுக் குழந்தையின் குழிக்கும் வரிப்பணமா? கேட்பதற்கு நியாயமாகத்தான் படுகிறது. ஆனால் பணக்காரர்களை விலக்க வேண்டுமானால் ஏழைகள் தாங்கள் ஏழைகள் என்று நிரூபிக்க வேண்டும். மறுபடியும் படிவம், சம்பள ரசீது, சரிபார்ப்பு. சாவு விழுந்த அந்த ஒரு வாரத்தில் அதைச் செய்யத் தெம்புள்ள பெற்றோர் எத்தனை பேர்? எல்லோருக்கும் கொடுத்தால்தான் யாரையும் விசாரிக்காமல் கொடுக்க முடியும். அதற்காகச் சில பணக்காரர்களுக்கும் சேர்த்துக் கொடுப்பது பெரிய நஷ்டமல்ல.

வட அயர்லாந்து கடைசியாக வந்தது. 2022 ஜூனில் தொடங்கிய அதன் திட்டம் வேறு மாதிரி: 3,056 பவுண்டை மொத்தமாகக் கையில் கொடுத்துவிடுவது. எப்படிச் செலவழிப்பது என்பது குடும்பத்தின் விருப்பம். கல்லறைக் கல், பூ, விருந்தினர்களுக்குத் தேநீர் என்று இங்கிலாந்துத் திட்டம் தொடாத செலவுகளுக்கும் இது உதவும். பதிலுக்கு, விண்ணப்பம் எழுதியாக வேண்டும்.

விடுபட்டவர்களும் உண்டு. 24 வாரத்துக்கு முன்பே கலைந்துபோன கருவுக்கு இந்த நிதி கிடையாது. சட்டத்தின் கண்ணில் அது பிறப்பும் இல்லை, இறப்பும் இல்லை. அந்தப் பெற்றோருக்கு இழப்பை அங்கீகரிக்கும் சான்றிதழ் ஒன்று வழங்குவதை இங்கிலாந்து 2024 பிப்ரவரியில் தொடங்கியது. பணமில்லை, காகிதம் மட்டும். ஆனாலும் அந்தக் காகிதத்தை அலட்சியமாக நினைக்கக் கூடாது. சில பத்தாண்டுகளுக்கு முன்புவரை அந்நாட்டு ஆஸ்பத்திரிகளில் இறந்தே பிறந்த குழந்தையைத் தாயிடம் காட்டாமலே எடுத்துச் சென்று பொதுக்குழியில் புதைத்துவிடுவது வழக்கம். எங்கே புதைத்தார்கள் என்பதைப் பலரிடம் சொல்லவும் இல்லை. முதுமையில் அந்த இடத்தைத் தேடிக் கல்லறைக் கல்லறையாக அலைந்த தாய்மார்கள் இருக்கிறார்கள்.

வண்டிக்காரன் கேட்ட எட்டாயிரம்

இங்கே நிலைமை என்ன? இந்தியாவில் குழந்தையைப் புதைக்கும் குழிக்கு அநேகமாகப் பெரிய செலவில்லை. தகனம் செய்யும் வழக்கமுள்ள இந்துக் குடும்பங்களிலும் பால் மணம் மாறாத குழந்தைகளைப் புதைப்பதுதான் பெரும்பாலும் வழக்கம். கிராமத்தில் உறவுக்காரர்களே மண்வெட்டி எடுத்துக் குழி வெட்டிவிடுவார்கள். செலவு வேறிடத்தில் வருகிறது. குழந்தை இறப்பது சொந்த ஊரிலிருந்து நூறு, இருநூறு கிலோமீட்டர் தள்ளியிருக்கும் பெரிய ஆஸ்பத்திரியில். அங்கிருந்து உடலை ஊர் கொண்டுவந்து சேர்ப்பதுதான் ஏழையின் ஈமச் செலவு.

2022 ஏப்ரலில் திருப்பதி அரசு ஆஸ்பத்திரியில் பத்து வயதுப் பையன் இறந்தான். வெளியிலிருந்து உறவினர்கள் ஏற்பாடு செய்து அனுப்பிய இலவச வண்டியை உள்ளேயிருந்த ஆம்புலன்ஸ் ஓட்டுநர்கள் விடவில்லை. தங்கள் வண்டியில்தான் ஏற்ற வேண்டும், தாங்கள் சொல்லும் தொகைதான். தகப்பன் மகனின் உடலை மோட்டார் சைக்கிளில் வைத்து ஏறக்குறைய 90 கிலோமீட்டர் கொண்டுபோனார். அதே ஆண்டு ஜூலையில் மத்தியப் பிரதேசத்தின் மொரேனா நகரில், தகப்பன் மலிவான வண்டி தேடிப் போயிருக்க, எட்டு வயதுச் சிறுவன் இரண்டு வயதுத் தம்பியின் உடலை மடியில் கிடத்திக்கொண்டு தெருவோரம் உட்கார்ந்திருந்த காட்சியை நாடே தொலைக்காட்சியில் பார்த்தது. அங்கே கேட்கப்பட்ட வாடகை 1,500 ரூபாய்.

2023 மே மாதம் வடக்கு வங்காளத்தில் ஐந்து மாதக் குழந்தை சிலிகுரி மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரியில் இறந்தது. சொந்த ஊரான காலியாகஞ்ச் சுமார் 200 கிலோமீட்டர். ஆம்புலன்ஸுக்கு 8,000 ரூபாய் கேட்டார்கள். 102 எண் இலவச வண்டி நோயாளிகளுக்குத்தான், உடல்களுக்கு இல்லை என்று ஓட்டுநர் சொல்லிவிட்டதாகத் தகப்பன் பின்னர் தெரிவித்தார். அவர் குழந்தையின் உடலைப் பையில் வைத்து மூடி, பக்கத்தில் இருப்பவர்களுக்குத் தெரிந்தால் இறக்கிவிடுவார்களே என்ற பயத்தோடு பஸ்ஸில் கொண்டுபோனார்.

மேற்கு வங்காளத்தில் ஈமச் சடங்குக்கென்றே அரசுத் திட்டம் இருக்கிறது. பெயர் ‘சமப்யதி’. உடன் வருந்துபவர் என்று பொருள். ஏழைக் குடும்பத்துக்கு 2,000 ரூபாய். பெயரில் குறையில்லை. தொகையைத்தான் வண்டிக்காரன் கேட்ட எட்டாயிரத்தோடு வைத்துப் பார்க்க வேண்டியிருக்கிறது. பீகாரின் ‘கபீர் அந்த்யேஷ்டி’ திட்டம் வறுமைக் கோட்டுக்குக் கீழே உள்ள குடும்பத்துக்கு 3,000 ரூபாய் தருகிறது. ஒடிஷாவில் 2013இல் தொடங்கிய திட்டத்துக்கு அரிச்சந்திரன் பெயர். கிராமத்தில் 2,000, நகரத்தில் 3,000. மகனை எரிக்கச் சுடுகாட்டுக் கூலி கொடுக்க முடியாமல் நின்ற சந்திரமதியிடம் கூலி கேட்டவன் அரிச்சந்திரன்தான். பெயர் சூட்டிய அதிகாரி அதை யோசித்துச் சூட்டினாரா, யோசிக்காமல் சூட்டினாரா தெரியவில்லை. பொருத்தம் மட்டும் அபாரம்.

மத்திய அரசின் கணக்கோ வேறு. 1995இல் தொடங்கிய தேசியக் குடும்ப உதவித் திட்டத்தில் 20,000 ரூபாய் கிடைக்கும். இறந்தவர் குடும்பத்துக்குச் சம்பாதித்துப் போட்டவராகவும், 18 முதல் 59 வயதுக்குள்ளும் இருக்க வேண்டும். குழந்தை சம்பாதிப்பதில்லை. ஆகவே அதன் சாவு இந்தக் கணக்கில் வராது. வருமானம் நின்றுபோவதை ஈடுகட்டும் திட்டம் அது என்பதால் தர்க்கம் சரிதான். தமிழில் ‘புத்திர சோகம்’ என்று ஒரு சொல்லாட்சி உண்டு, தசரதனின் உயிரையே அது கொண்டுபோயிற்று. அரசுப் படிவங்களில் அதற்குக் கட்டம் கிடையாது.

பணமாகக் கொடுப்பதைவிட வண்டியாகக் கொடுப்பது பயன்படும் என்பதைச் சில மாநிலங்கள் உணர்ந்திருக்கின்றன. தமிழ்நாட்டில் அரசு ஆஸ்பத்திரியில் இறந்தவரின் உடலை வீடுவரை இலவசமாகக் கொண்டுபோக அமரர் ஊர்தி சேவை செஞ்சிலுவைச் சங்கத்தின் மூலம் நடக்கிறது. சத்தீஸ்கர், ஒடிஷா, ஆந்திரம், தெலங்கானாவிலும் இப்படிப்பட்ட ஏற்பாடுகள் உண்டு. ஒடிஷா ‘மகாபிரயாணம்’ என்ற பெயரில் வண்டிகளை விட்டது 2016இன் தொடக்கத்தில். அதே ஆண்டு ஆகஸ்டில் காளஹண்டி மாவட்டத்தில் ஒரு பழங்குடி விவசாயி மனைவியின் உடலைத் தோளில் சுமந்து, அழுதுகொண்டே கூட வந்த மகளோடு பல கிலோமீட்டர் நடந்தார். திட்டம் இருந்தது. வண்டி அவரிடம் வரவில்லை.

திருப்பதியிலும் அதே கதைதான். இலவச வண்டி வாசல்வரை வந்தது, உள்ளே விடப்படவில்லை. இங்கிலாந்தில் கல்லறை நிர்வாகத்துக்குப் பணம் கொடுத்து வாயை அடைத்தது போல, இங்கே ஆஸ்பத்திரி நிர்வாகத்தைப் பொறுப்பாக்கினால் என்ன? இறப்புச் சீட்டு எழுதும் மேஜையிலேயே வண்டிக்கும் சீட்டு எழுதலாம். அரசு வண்டி இல்லையென்றால் தனியார் வண்டிக்கு நிர்ணயித்த வாடகையை ஆஸ்பத்திரியே கொடுத்துவிட்டு அரசிடம் வாங்கிக்கொள்ளலாம். பேரம் ஆஸ்பத்திரிக்கும் வண்டிக்காரனுக்கும் இடையில் நடக்கட்டும். தகப்பன் அதில் வர வேண்டியதில்லை.

திருப்பதி சம்பவத்துக்குப் பிறகு சில ஆம்புலன்ஸ் ஓட்டுநர்கள் கைது செய்யப்பட்டார்கள். மொரேனாவில் தொலைக்காட்சிக்காரர்கள் பார்த்த பிறகு வண்டி வந்தது. காலியாகஞ்ச்சில், தகப்பன் பையோடு பஸ் மாறி ஊருக்குப் பக்கத்தில் வந்து இறங்கிய பிறகு, மீதித் தூரத்துக்கு ஒரு வண்டியை உள்ளூர்க்காரர்கள் ஏற்பாடு செய்து கொடுத்தார்கள்.